மாற்றாள் விட்டுவிட்டு உன்னிடம் வந்தேன்

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. குற்றாலத்தில் இன்னும் சாரல் நிற்கவில்லை. லாட்ஜில் ரூம் எல்லாம் நிறைந்து கிடக்கிறதாம். கேள்விப்பட்டதைத்தான் எழுதுகிறேன். நான் இப்போது அங்கே இல்லை, அம்மா.

சீசனில் லீவு கேட்டால் நாமே மாற்றாள் விடவேண்டும். அதுதான் எங்கள் லாட்ஜ் வழக்கம். நம் தெரு செல்வியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எந்த ரூமில் குழாய் ஒழுகும், எண்ணெய்க் கறைத் துண்டை எப்படி ஊறவைக்கவேண்டும், எல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன். மேனேஜர் அண்ணாச்சி சிரித்தார். "போயி அம்மையப் பாரு, முப்பிடாதி. ஒன் வேலைய எவ தூக்கிட்டுப் போவப்போறா?"

அதை நம்பித்தான் தென்காசி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆபீஸ் அம்மா தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம். எப்போது திரும்பிப் போனாலும் அவர் நாற்காலி அவருக்குத்தானாம். நீ என்னைப் பார்த்தாய்.

"ஏட்டி, நீ எழுதிக் குடுத்தியா?"

"எங்க லாட்ஜுல எழுத்தெல்லாம் கெடையாதும்மா. வாய்வார்த்தைதான்."

"அப்பம் ஒருநாள் போயி மொகத்தக் காட்டிட்டு வா. நான் என்ன, ஓடியா போயிருவேன்? எந்திரிச்சு ஒக்காரவே ரெண்டு ஆளு வேணும்."

அந்த நிலையிலும் உனக்குக் கிண்டல். உன்னை ஆபீஸ் அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அங்கே செல்வி மெத்தை விரிப்பைச் சொருகிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அண்ணாச்சிதான் பேசினார். "அவ நல்லாச் செய்யுதா. நீ நாளைக்கே அம்மைக்கு முடியலன்னு மறுபடி ஓடுவ. சீசன் முடியட்டும், பாப்போம்." நான் கெஞ்சிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. அப்போதுதான் ஆபீஸ் அம்மாவின் போன் வந்தது.

நீ போய்விட்டாய்.

கடைசியாக என்ன கேட்டாய் என்று அவரிடம் விசாரித்தேன். "அவளுக்கு வேலை இருக்கான்னு கேட்டாங்க" என்றார். உன் நிம்மதிக்காக, "இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். நீ நம்பினாயா, அம்மா?

செல்விக்கும் வயிறு இருக்கிறது. ஆனாலும், "அக்கா வந்துட்டா, நான் எறங்கிக்கிடுதேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் பதினாறாம் நாளுக்குச் சாப்பிட வந்தாள். இலை போட்டேன். முகம் பார்த்துப் போடவில்லை.

நேற்று வேறொரு லாட்ஜில் வேலை பார்க்கும் சுரண்டைக்காரி ஒருத்தி வந்தாள். புருஷனுக்கு ஆபரேஷனாம். மாற்றாளாக நிற்பாயா என்று கேட்டாள். நாளை போகிறேன். அவள் லாட்ஜ் மேனேஜர் தானாக அந்த வேலையை எனக்கே கொடுத்தாலும் வாங்கமாட்டேன். அவள் திரும்பி வந்து வாசலில் நிற்கிற அன்றைக்கு, யாரும் சொல்லும் முன்னே விளக்குமாற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். உன் மேல் சத்தியம்.

கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாத உன் மகள்,
முப்பிடாதி