சீனக் கூரை ஜிமிக்கி

யார் வைதாலும் சிரித்துக்கொண்டே போன என் மாணிக்கண்ணனுக்கு,

நீ சிரித்தாய். எனக்கு அந்தக் குணம் வராது. ஆறு வருடமாக நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது. போன வாரம்தான் கொஞ்சம் தணிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தங்கராசு முதலாளி நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார், அண்ணே! ஆமாம், நீ வேலை செய்த அட்டன் நகைக்கடை முதலாளியேதான். கொட்டுகிற மழையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அட்டை கடித்த காலோடு நம் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

அந்தச் சீனாக்காரரை உனக்கு நினைவிருக்கும். சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருவாரே. நாங்களெல்லாம் பட்டுத் துணியைத் தடவிப் பார்ப்போம். நீ மட்டும் அவர் வைத்திருந்த அவர் ஊர்க் கோயில் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். மூன்றடுக்குக் கூரை, மூலையெல்லாம் மேல்நோக்கி வளைந்திருக்கும், மூலைக்கு ஒரு மணி. அந்தக் கூரையில் ஆணியே கிடையாது, மரத்துக்குள் மரம் கோத்து நிற்கிறது என்று அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, இரண்டு கை விரல்களையும் பின்னிக் காட்டினார். அன்றைக்குப் பிடித்தது உனக்குப் பைத்தியம்.

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை வெட்டி வெட்டிக் கூரை செய்தாய். நீ வெட்டுவாய், நான் கோப்பேன். கொழுந்து பறிக்கிற விரல் ஆயிற்றே, உன்னைவிட எனக்கு வேகம். எல்லாம் கோத்து முடித்து, கடைசியில் உச்சியில் ஓர் ஊசி. அது நின்றால் கூரை நிற்கும். பிறகு அதையே கடையில் தங்கத்தில் செய்தாய். ஓரிடத்தில்கூடப் பற்றவைக்காமல் ஒரு சோடி ஜிமிக்கி! கொண்டுவந்து காட்டக்கூட உனக்கு அனுமதி இல்லை. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் நான் பார்த்தேன்.

அதைத் தன் டிசைன் என்று முதலாளி சொல்லிக்கொண்டார். நீ ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னாய். அதற்கு என்ன கிடைத்தது? ஞாயிற்றுக்கிழமை, கடைவீதி நிறைய சனம் இருக்கும்போது, கடை வாசலில் வைத்து, "தோட்டக்காட்டான் ஒனக்கு டிசைன் போட வருமாடா? நான் போட்ட படத்தத் திருடிட்டு என்கிட்டயே பேசுறியா, திருட்டுப் பயலே!" என்றார். அதற்குப் பிறகு அட்டனிலும் சரி, நுவரெலியாவிலும் சரி, உன்னை நம்பித் தங்கம் கொடுக்க ஆளில்லை. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனாய். குளிரும் மழையும் நெஞ்சில் இறங்கி, இரண்டே வருடத்தில் போய்விட்டாய். நீ நோயில் செத்தாய் என்கிறார்கள். அவர் கொன்றார் என்று நான் சொல்கிறேன்.

இப்போது கேள். முதலாளி மகள் சாந்திக்குக் கல்யாணம். விற்காமல் வைத்திருந்த அந்த ஜிமிக்கியை மகளுக்குப் போட ஆசைப்பட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊற வைத்து அவரே தேய்த்திருக்கிறார். உச்சியில் ஊசி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, என்னவோ ஏதோவென்று இழுத்தாராம். கூரை பொலபொலவென்று பாயில் கொட்டிவிட்டது. அது எப்படி நின்றது என்று தெரிந்துகொள்ள அடுத்த ஜிமிக்கியின் ஊசியையும் உருவியிருக்கிறார். அட மடையா! அதுவும் கொட்டிவிட்டது.

பட்டறை ஆசாரிகள் முட்டி மோதிப் பார்த்தார்களாம். "நீங்க போட்ட டிசைன்தானே மொதலாளி, நீங்களே கோத்துருங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டாராம். இதைக் கேள்விப்பட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள்.

உன்னோடு உட்கார்ந்து கோத்தவள் நான் என்று யார் சொன்னார்களோ, அதற்குத்தான் வந்திருந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தச் சொன்னார். கைக்குட்டையைப் பிரித்து, கொட்டிப்போன தங்கத் துண்டுகளை என் முன்னால் வைத்தார். "தப்புதான் தாயி. மாணிக்கம் திருடன் இல்ல. படம் அவன் போட்டதுதான்" என்று ரகசியம்போலச் சொன்னார்.

நான் உட்கார்ந்து ஒன்றைக் கோத்துக் கொடுத்தேன். விரல் எதையும் மறக்கவில்லை, அண்ணே.

"மத்தது?" என்றார்.

"கதவச் சாத்திட்டுச் சொன்னதுக்கு ஒரு காது போதும் மொதலாளி. எங்கண்ணன எந்த எடத்துல வச்சுத் திருடன்னீங்களோ, அங்க நின்னு சொல்லுங்க. மத்த காதுக்கும் கோத்துத் தாரேன்."

கெஞ்சினார். பிறகு குரல் மாறியது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் சொல்லி எனக்கு வேலையில்லாமல் பண்ணிவிடுவேன் என்றார். "பண்ணுங்க" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது, உள்ளுக்குள் பயம்தான். இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறேன் இல்லையா?

மறுநாள் சாந்தியே வந்தாள். அவளைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? ஆனால் நீ இருமி இருமி விடிய வைத்த நாட்கள் என்னை விடவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். "ஒங்கப்பா மனசு வைக்கணும்மா" என்றேன்.

அவள் அழவில்லை. ஒற்றை ஜிமிக்கியை எடுத்துக் காதில் மாட்டினாள். "அப்ப நான் இப்படியே போறேங்கக்கா. கேக்குறவங்களுக்குக் காரணத்தச் சொல்றேன்" என்றாள்.

ஒரு காது மூளியாக அட்டன் கடைவீதி நெடுக நடந்திருக்கிறாள், கோயிலுக்கும் போயிருக்கிறாள். கேட்காமல் விடுவார்களா நம் சனங்கள்? யார் கேட்டாலும் உன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவர் வயிற்றில் இப்படி ஒரு பெண்!

ஊர்ப் பேச்சு தாங்காமல், ஞாயிற்றுக்கிழமை முதலாளி கடை வாசலில் நின்று, நீ திருடன் இல்லை, படம் நீ போட்டதுதான் என்று சொன்னார். "சத்தம் பத்தல மொதலாளி" என்றேன். மறுபடி சொன்னார். அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்து, அத்தனை பேரும் பார்க்க, மற்றதையும் கோத்து ஊசியை வைத்தேன்.

இனியாவது மன்னித்துவிடு என்கிறார்கள். மன்னிக்க வேண்டியவன் நீ. நீ மண்ணுக்குள் இருக்கிறாய். உன் பெயரில் மன்னிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

ஒன்று மட்டும் சத்தியம், அண்ணே. தலை எண்ணெய் பட்டு அந்தக் கூரைக்குள் அழுக்கு அடையும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித்தான் தேய்க்க வேண்டும். கழற்றியதைக் கோக்க இந்த மலையில் என்னை விட்டால் ஆளில்லை. ஒவ்வொரு வருடமும் அவர் அதே வாசலில் நின்று, அதே வார்த்தையைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் கோப்பேன். அவர் சாகும்வரை.

உன் பங்குக் கோபத்தையும் சேர்த்துச் சுமக்கிற
உன் தங்கச்சி,
மீனாட்சி