தோட்டாவில் ஏறிய களிம்பு

என் உயிரான அண்ணே,

உன் சாவை எனக்கு முழுசாகச் சொன்னவர் உன் தோஸ்த் ரஹ்மான் பாய் ஒருவர்தான். எல்லைச் சண்டையில் உன்னோடு அதே இயந்திரத் துப்பாக்கியில் நின்றவர், ஒரு கையை அங்கேயே விட்டுவிட்டு ஆம்பூர் வந்து சேர்ந்தார். அப்பா தோல் கிடங்குக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னார்.

கட்டைவிரல் தடிமன் தோட்டாவாமே? பட்டால் தோளே பிய்ந்து போகுமாம். சுட்டதும் வெள்ளைப் புகை உங்கள் கண்ணையே மறைக்குமாம். "பொகை அடங்கி பாத்தா மேட்டுல முழுசா ஒரு பொணம் இருக்காது தங்கச்சி" என்றார். அதையா அண்ணே தினமும் பார்த்துக்கொண்டிருந்தாய்?

தோட்டா கோக்கிற கேன்வாஸ் பட்டை மழையில் ஊறி மக்கியதும் நீ சும்மா இருந்தாயா? தோல்காரன் பிள்ளை ஆச்சே. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தி அப்பா கொடுத்தனுப்பிய எருமைத் தோலை அறுத்து, வளையம் வளையமாகத் தைத்துப் புதுப் பட்டை செய்தாய். வெள்ளைக்காரத் துரையே தட்டிக்கொடுத்தாராம். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு தோட்டாவின் பித்தளையைத் தின்னும் என்று யாருக்குத் தெரியும்?

"பச்சையா களிம்பு ஏறி தோட்டா தோலோட ஒட்டிக்கிச்சும்மா. மிஷின் நின்னுபோச்சி. பல்லால கடிச்சி இழுத்தான். அதுக்குள்ள வாளோட மேல வுழுந்துட்டாங்க." முதல் வெட்டு உன் கழுத்தில். அப்புறம் எத்தனை என்று நான் கேட்கவில்லை. வெட்டியவன் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரமில்லை, அவன் ஊருக்குள் நீங்கள்தானே போனீர்கள்? உன்னைக் கூட்டிப்போன துரையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

தோட்டா களிம்பேறிச் சிக்கியது என்பதுவரை அப்பாவுக்கும் தெரியும். தோல் விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டோம். "எந்த நாய்டா தோட்டாவ களிம்பு புடிக்க வுட்டது?" என்று இன்றும் திட்டுகிறார்.

இப்போது அந்தத் தோட்டாவை ஒழித்துக்கட்டிவிட்டார்கள். ஒல்லித் தோட்டா வந்துவிட்டதாம். புகையில்லை, இன்னும் தூரத்தில் இருப்பவனையும் கொல்லுமாம். பழசின் வெற்றுப் பித்தளைக் குப்பிகள் ராணிப்பேட்டைப் பாத்திரக்காரரிடம் உருக்க வந்தன. உன் ஞாபகமாக அப்பா ஒன்று வாங்கிவந்தார். வந்த கையோடு அதே ஆவாரம்பட்டைத் தோலில் உறை தைத்து, இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நம்ம தோலும்மா. உள்ள இருந்தா ஒண்ணும் ஆவாது."

அதில் பச்சை பூத்தால் அவருக்கு எல்லாம் புரிந்துவிடாதா? அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் குப்பியை உருவி, புளி போட்டுத் தேய்த்துத் துடைத்து வைக்கிறேன். நேற்று ரஹ்மான் பாயிடம், "பாத்தியா, எப்டி மின்னுது!" என்று காட்டினார். பாய் புளிக்கறை படிந்த என் விரல்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா கண் மூடும்வரை அதில் பச்சை தெரிய விடமாட்டேன், அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
அஞ்சலை