எண்ணாமல் சொன்னது

டப்ளின்

அம்மாவுக்கு,

மழை பிடித்தால் உனக்கு இருமல் ஜாஸ்தியாகுமே, சிதம்பரம் போய் டாக்டரைப் பார்த்தாயா? போனில் பேசினாலே உனக்கு மூச்சு வாங்குகிறது; அதனால்தான் கடிதம். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஆபீசில் பழைய கேஷ் சர்வர்கள் மூன்றை நிறுத்தினோம். கேஷ் என்றால் பணமில்லை; தன்னிடம் வரும் தகவலைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளும் மெஷின். வைத்துக்கொண்டு, அது டிஸ்க்கில் போய்ச் சேருமுன்பே "சேர்ந்துவிட்டது" என்று சொல்லிவிடும். அப்போது அணைத்தால் உள்ளே இருப்பது போய்விடும். அதனால் எல்லா மெஷின்களையும் நேராக டிஸ்க்கிலேயே எழுதும்படி மாற்றிவிட்டு, உள்ளே தேங்கியது பூஜ்யமாகும்வரை காத்திருந்தேன். பூஜ்யம் வந்த பிறகும் நான்கு முறை பார்த்தேன். "எத்தினி வாட்டிடா பாப்ப?" என்று சிரித்தான், கூட வேலை செய்யும் ராபர்ட். அவனும் கடலூர்க்காரன்தான்.

அணைத்ததும் அந்த வரிசையின் இரைச்சல் சட்டென்று நின்றது. கேஸ் கசிந்த அந்த மத்தியானம் நம் தெருவுக்குப் பின்னால் பேக்டரி சத்தம் இப்படித்தான் நின்றது. என்னை அறியாமல் கர்சீப்பை நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். ராபர்ட் இன்னும் கிண்டல் செய்கிறான். தகவல் எதுவும் போகவில்லை, கவலைப்படாதே.

உன் பழைய நூல் புடவையைக் கிழித்து நாலு துண்டு அனுப்பு. கர்சீப் போதவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், இதைத் தங்கச்சியைப் படிக்கச் சொல்லாதே. அன்று தெருமுனையில் அப்பாவிடம் "எல்லாரும் வந்துட்டாங்கப்பா" என்று சொன்னது நான்தான். எண்ணிப் பார்க்கவில்லை. நீ என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாய்.

இளவரசு