கிழக்குப் பார்த்து நின்ற படம்

தெல்தெனிய
12.01.2025

அன்பு மகள் நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் எங்களோடு சேரவில்லை. போனில் கேட்டால் உன் உம்மா காதை வைத்துக்கொண்டு நிற்பாள். அதனால்தான் எழுத்துப் பிழைகளோடு இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய சேர்ச் படத்தைக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். முக்காடு போட்டு, கை கட்டி, சிலுவைக்கு நேரே நிற்கிறாய். சுற்றிப் பார்க்கப் போனவள் கை கட்டுவாளா? காலையில் போனதாக எழுதியிருக்கிறாய். சன்னல் வெயில் உன் முகத்துக்கு நேரே. அப்படியென்றால் கிழக்கு. நான் எட்டாம் வகுப்போடு நின்ற மேசன்தான். ஆனால் நான் கட்டிய வீடுகளில் ஒரு கக்கூஸ்கூட தொழும் திசையான கிப்லாவைப் பார்க்காது. திசையில் என்னை ஏமாற்ற ஏலாது. தொழுகிறவர்கள் மக்கா இருக்கும் மேற்கையல்லவா பார்ப்பார்கள்? நீ யாரைப் பார்த்துக் கை கட்டினாய், மகள்?

இன்னொன்று. வாசலில் இரண்டு சோடி சப்பாத்து கிடக்கிறது. ஒன்று நான் வாங்கித் தந்தது. மற்றது என் காலை விடப் பெரிசு.

அர்கம் மாஸ்டர் தன் மகனுக்கு உன்னைக் கேட்கிறார். நோன்புக்கு முன் முடிவு சொல்ல வேண்டும். நீ மார்க்கத்தை விட்டுவிட்டாயா என்று தெரியாமல் நான் என்ன சொல்ல?

சந்தேகப் பிராணி,
வாப்பா ரஸீன்


லிஸ்பன்
01.02.2025

அன்பு வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். மக்கா உங்களுக்குத்தான் மேற்கு, வாப்பா. நான் அதையும் தாண்டி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். எனக்கு அது கிழக்கு.

அந்தச் சேர்ச் முன்பு பள்ளிவாசல். ஊரைப் பிடித்தவர்கள் மாற்றிக் கட்டினார்கள். ஆனால் இமாம் நின்று தொழுவிக்கும் மிஹ்ராப் மாடம் சிலுவைக்குப் பின்னால் சுவரில் அப்படியே இருக்கிறது. அதைக் கண்ட பிறகு சப்பாத்தோடு உள்ளே போக மனம் வரவில்லை. கை தானாகக் கட்டிக்கொண்டது. தொழவில்லை, நபிக்கு ஒரு ஸலவாத்து மட்டும் ஓதினேன்.

அர்கம் மாஸ்டருக்குக் கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்லுங்கள்.

உங்கள்
நப்லா


தெல்தெனிய
22.02.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைப் பள்ளிவாசல் ஹஸரத்திடம் காட்டினேன். அவர் ஒரு தோடம்பழத்தை உலக உருண்டையாக்கிச் சுற்றிக் காட்டிவிட்டு, “ரஸீன் நானா, நீங்க தெல்தெனியவுக்குள்ளேயே கட்டுங்க, வெளிநாட்டுப் பக்கம் போயிடாதீங்க” என்றார்.

எல்லாவற்றையும் மாற்றியவன் அந்த மாடத்தை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறான். எந்த மேசனோ, அவனுக்கு என் நன்றி.

திசைக்கு இவ்வளவு எழுதிய நீ, அந்தப் பெரிய சப்பாத்துக்கு ஒரு வரியும் எழுதவில்லை. சந்தேகம் அங்கேயே நிற்கிறது. ஆனால் படம் எடுத்தவன் உன் சப்பாத்துக்குப் பக்கத்தில் தன் சப்பாத்தையும் கழற்றி வைத்திருக்கிறான். இரண்டு இரவு அதையே யோசித்தேன்.

அர்கம் மாஸ்டருக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டேன். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என் துணிவும் என் முழங்கால் மாதிரித்தான்.

அடுத்த படத்தை வேறு யாரையாவது எடுக்கச் சொல். சப்பாத்துக்காரரும் அதில் நிற்கட்டும்.

துஆவோடு,
வாப்பா