படகைப் பற்றி நீ கேட்ட கேள்விகள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மூட்டுவலிகூட இந்த மாதம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது. நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும், எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த வேண்டுதலுக்குக் குறுக்கே அது வராது. போனில் கூப்பிடாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே சரிம்மா மீட்டிங் இருக்கு அப்புறம் கூப்பிடறேன் என்று கழன்றுகொள்வாய், அதனால்தான். அக்கா வீட்டில் எல்லோரும் நலம். அவள் பெண்ணுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறார்கள், முப்பது வருஷம் பல்செட் செய்து கொடுத்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஆனாலும் மனிதர் வாயைக் கட்டுவதாக இல்லை. மாடியில் உன் அறையில் ஒழுகிக்கொண்டிருந்த இடத்தை நானே பூசி அடைத்துவிட்டேன்.

இப்போது படகு விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஆற்றோரத்துப் படகுப் பட்டறைக்காரர் அந்தப் பழைய கேபின் படகை உடைத்து விறகாக்கப் போவதாகச் சொன்னபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜன்னலே இல்லாத கூடத்தில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கெல்லாம் பல் அராவிக்கொண்டிருந்தவளுக்கு, நாலு பக்கமும் ஜன்னல் வைத்த ஓர் அறை, அதுவும் தண்ணீரில் நகரக்கூடியது, கிடைக்கும்போது விட மனம் வரவில்லை. இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை என்றாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தரைப்பலகையெல்லாம் இற்றுப்போய்க் கையோடு வந்தது. சுரண்டினேன், பட்டி பார்த்தேன், உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தேன். கை நுழையாத சந்துகளில் எங்கே உளுத்திருக்கிறது என்று பார்க்க, பழைய வேலையிலிருந்து கொண்டுவந்த, பல் பார்க்கிற வாய்க்கண்ணாடியை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பட்டறைக்காரர் சிரிப்பார், படகை ஆ காட்டச் சொல்றீங்களாம்மா என்று. வாராவாரம் உனக்குப் படம் அனுப்புவேன். நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய்.

பிறகு திடீரென்று நீ கேள்வி கேட்க ஆரம்பித்தாய். அடிப்பக்கம் எப்படி இருக்கு, இன்ஜினுக்குக் கீழே பலகை மாத்தியாச்சா, போல்ட்டெல்லாம் பழசா புதுசா என்று வாரம் ஒன்றாவது வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அப்பா போன பிறகு சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பதைத் தாண்டி நீ என்னிடம் ஒன்றும் கேட்டதில்லையே. அடிப்பக்கத்தைப் படம் எடுக்க அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, கட்டைமேல் ஏற்றியிருந்த படகுக்கு அடியில் நகர்ந்தேன், பழைய பெயின்ட் உதிர்ந்து கண்ணில் விழுந்து இரண்டு நாள் கண் சிவந்து கிடந்தது. உன்னிடம் சொல்லவில்லை. மழை பெய்தால் ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்குமா என்று ஒரு தரம் கேட்டாய். எனக்கே தெரியவில்லை. அதற்காகவே மழை வரும்வரை காத்திருந்து, கொட்டுகிற மழையில் டார்ச்சும் கையுமாக உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு ஜன்னல் ரப்பராகத் தடவிப் பார்த்துவிட்டு உனக்குப் பதில் எழுதினேன். உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பட்டறையில் இருக்கிற அத்தனை பேரிடமும் என் பையன் கேட்டான், என் பையன் கேட்டான் என்று சொல்லித் திரிந்தேன். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், முதல் வேலையா படகைப் பாக்கணும் என்றாய். அதற்குள் வார்னிஷ் முடிய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பெண்சாதியோடு பட்டறைக்கு வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவராம். நல்ல மனிதர், வார்னிஷ் கெட்டுவிடும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நீ அடுத்த மாதம் நேரில் வந்து கொடுப்பதாகச் சொன்னாயாம், ஆசை தாங்கவில்லை, ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார். எதைக் கொடுப்பதாக என்று கேட்டேன். போனை நீட்டினார். விளம்பரம். அத்தனையும் நான் எடுத்த படங்கள், ஒன்றில் என் விரல் பாதி மறைத்துக்கொண்டிருக்கிறது, அதைக்கூட நீ வெட்டவில்லை. கீழே நான் உனக்கு எழுதிய வரிகள். கொட்டும் மழையில் உள்ளே உட்கார்ந்து பார்த்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை என்று போட்டிருக்கிறாய். பார்த்தோமாம். என்னோடு உட்கார்ந்திருந்த அந்த இன்னொருத்தர் யாரடா? எல்லாவற்றுக்கும் மேலே, உரிமையாளர் வயதானவர், உபயோகிக்க இயலாததால் விற்பனைக்கு என்று. அந்த உபயோகிக்க இயலாதவள் அப்போது தூரிகையும் கையுமாக அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் ஒன்றும் புரியாமல் உன்னைப் புகழ்ந்துகொண்டே போனார். என்ன சந்தேகம் கேட்டாலும் மறுநாளே விசாரிச்சுச் சொல்லிடுவார்ம்மா, ரொம்பப் பொறுப்பான பையன் என்றார். அடிப்பக்கம் கேட்டது அவர். இன்ஜின் பலகை கேட்டது அவர். மழையில் ஒழுகுமா என்று கேட்டது அவர் பெண்சாதி. ஆக இத்தனை மாதமாக என்னோடு பேசிக்கொண்டிருந்தது இந்த இரண்டு பேரும்தான், நீ நடுவில் தபால்காரன். நான் மழையில் உட்கார்ந்தது முன்பின் தெரியாத மனிதருக்காக.

அக்காவைக் கேட்டேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவன் உன் நல்லதுக்குத்தான்மா செஞ்சான், தண்ணியில தவறி விழுந்தா யாரு பாக்கறது, எங்க வீட்டுப் பக்கத்துல உனக்கு ஒரு ஃப்ளாட்டே பாத்து வச்சிருக்கான் என்றாள். இருக்கட்டும். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வித்துடும்மா, எனக்குப் பயமா இருக்கு என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், கடைசியில் உன் பேச்சைக் கேட்டுத் தொலைத்தாலும் தொலைத்திருப்பேன். விற்க நினைத்ததற்காக நான் இதை எழுதவில்லை. மகன் விசாரிக்கிறான் என்று ஒரு கிழவியை நம்பவைத்தாயே, அதுதான் வயிறு எரிகிறது. இனி நீ சாப்பிட்டியா என்று கேட்டால்கூட, யாருக்காகக் கேட்கிறாய் என்று யோசிப்பேன். அந்தச் சந்தேகத்தை எனக்கு ஏன் கொடுத்தாய்?

வேன்காரரிடம் படகு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஏமாற்றம்தான், முகம் வாடிவிட்டது, ஆனாலும் மன்னிச்சுக்கோங்கம்மா எங்களுக்குத் தெரியாது என்று அந்த அம்மாளும் அவருமாகச் சொன்னார்கள். கீழே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டவர் நின்று திரும்பி, தனியாவா ஓட்டப் போறீங்க, உங்களுக்கு நீச்சல் தெரியுமாம்மா என்றார். தெரியாது என்றேன். அப்ப மொதல்ல அதைக் கத்துக்கோங்க, படகு எங்கயும் ஓடிடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் நீ வா. வரவேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் வீடு, உன் அறை ஒழுகாமல் இருக்கிறது. படகுப் பக்கம் மட்டும் வராதே. ஃப்ளாட்டுக்காரரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு. குட்டிக்கு முளைக்கிற பல்லைத் தினமும் துணியால் துடைக்கச் சொல், பால் பாட்டிலோடு தூங்கவைக்க வேண்டாம். மருமகளுக்கு என் அன்பு, இதில் அவள் பங்கு என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

மறக்காமல் அந்த விளம்பரத்தை எடுத்துவிடு. வேன்காரர் மறுபடி உன்னைக் கூப்பிட்டால், அம்மா நேற்று சனிக்கிழமை முதல் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள், இப்போதைக்கு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள் என்று சொல்லிவிடு. கேட்டவர் அவர், பதில் அவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா