குழாயில் மூன்று தட்டு

டிசம்பர் 2
நோட்டே, எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். நாற்பது வருடம் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திய கை, பேனாவையும் அப்படியே அழுத்துகிறது. ஒரு தாள் கிழிந்தே போனது. போகட்டும். எழுபத்தொரு வயதில் நானே எழுதுகிறேன்!

நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் மாலை வகுப்பு குளிர் குறையும்வரை கிடையாதாம். தினமும் ஏதாவது எழுதுங்கள், விட்டால் மறந்துவிடும் என்றாள் டீச்சர்.

டிசம்பர் 5
இந்தக் குளிர் ஊரில் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. மனைவி போனபின் இது இரண்டாவது குளிர்காலம். எனக்கென்று ஒரு நாளில் வரும் சத்தம் ஒன்றுதான். காலையில் எழுந்ததும், என் வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு இறங்கும் ஹீட்டர் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டுவேன். கீழ்வீட்டுச் சமையல்காரன் மூன்று தட்டுவான். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம்.

டிசம்பர் 8
இன்று தட்டவில்லை. சீட்டு எழுதி அவன் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன். "டீ குடித்தாயா? இனிமேல் தட்ட மாட்டேன். நீயும் எழுது." எப்போதும் பேப்பரும் கையுமாக இருப்பவன். அசந்துபோவான்.

டிசம்பர் 9
அவனே தட்டினான். மூன்று. மறுபடி மூன்று. சிரித்துக்கொண்டே கரண்டியைத் தள்ளி வைத்தேன். எழுதட்டுமே.

டிசம்பர் 11
இரண்டாவது சீட்டும் போட்டேன். பதில் இல்லை.

டிசம்பர் 13
தட்டுவதும் நின்றுவிட்டது. மூன்றாவது சீட்டு: "கோபமா?"

டிசம்பர் 15
நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 17
நேற்று வைத்த கஞ்சி அப்படியே இருக்கிறது. ஒரு வரி எழுத இவனுக்கு என்ன கேடு? கிழவன் கையெழுத்தைப் பார்த்துச் சிரிச்சிருப்பான். சிரிக்கட்டும். யாரும் வேணாம். படுத்தா சுவர், திரும்பினா சுவர் — இதுக்கா எழுதக் கத்துக்கிட்டேன்?

டிசம்பர் 19
சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். பெயர் சொல்லி வெகுநேரம் கூப்பிட்ட பிறகுதான் கதவு திறந்தது. உள்ளே விளக்கு இல்லை. ஹீட்டரையும் அணைத்திருந்தான். மூலையில் கட்டிவைத்த மூட்டை. என் மூன்று சீட்டுகளும் டம்ளருக்கு அடியில்.

"அண்ணே, நீ உயிரோடதான் இருக்கியா?" என்றான். "தட்டிப் பாத்தேன், சத்தமில்ல. மேல வந்து பாக்க தைரியம் வரல. இங்க வீட்டுக்காரர் வேற காலி பண்ணச் சொல்லி எழுதி எழுதிப் போடுறார், பாரு, மூணு சீட்டு. ஆள் இல்லன்னு நினைக்கட்டும்னு இருட்டுல உக்காந்திருக்கேன்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கலையா?"

"எனக்கு எங்கண்ணே எழுத்து தெரியும்? பேப்பர்ல படம் பாப்பேன், அவ்வளவுதான்."

உலகத்தில் எழுத்து தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருடம் வெட்கப்பட்டு ஒளிந்தவன் நான். இன்னொருவனும் அப்படியே ஒளிந்திருப்பான் என்று தோன்றவே இல்லை.

சீட்டுகளைப் படித்துக் காட்டினேன். "டீ குடிச்சியான்னு கேக்கவாய்யா நோட்டீஸ்?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. உடம்பு கொதித்தது.

டிசம்பர் 20
ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. நெஞ்சில் சளி இறுகிவிட்டதாம். எத்தனை நாள் ஹீட்டர் இல்லாமல் இருந்தார் என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியும். நான் சீட்டு போட்ட நாளெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேனே.

டிசம்பர் 21
காலையில் இரண்டு தட்டினேன். கீழே காலி வீடு. தெரிந்துதான் தட்டினேன்.

டிசம்பர் 23
மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். பேச்சு இல்லை, கண்ணும் திறக்கவில்லை. மன்னிப்பு கேட்டு ஒரு பக்கம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். வெளியே எடுக்கவில்லை. கட்டில் கம்பியில் ஸ்பூனால் இரண்டு தட்டினேன். நர்ஸ் முறைத்தாள். ரொம்ப நேரம் கழித்து அவன் விரல் அசைந்தது. ஒன்று. கொஞ்சம் விட்டு, இரண்டு.

காத்திருந்தேன். பார்வை நேரம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எழுத நேரமில்லை. மூன்றாவது தட்டு விழுந்ததா என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன், நோட்டே.