அரிசிக்குள் இருந்த காது மெஷின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இவ்விடம் நான் சுகம். உன் அப்பாவின் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, புத்தியைப் பற்றி மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது. அவ்விடம் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா தூங்குகிறாயா என்று கேட்கலாமென்றால் இரண்டு வாரமாக நீ போனை எடுப்பதே இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நேற்று உன் சித்தி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உனக்கு வேலை போய்விட்டதென்றும், கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து இருக்கட்டுமா என்று நீ அழுதுகொண்டே அப்பாவிடம் கேட்டாயென்றும், அவர் "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாரென்றும். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு நான் குளித்துவிட்டு வந்து என்ன சொன்னாள் என்று கத்திக் கேட்டதற்கு "சௌக்கியமா இருக்காளாம்" என்று சொன்ன மகானுபாவர் அவர்! நடந்தது இதுதான். முட்டிவலிக்காகக் காலையில் கொஞ்ச நேரம் கடல் தண்ணீரில் நிற்கச் சொன்னார் டாக்டர். இவர் நிற்பாரா, கழுத்துவரை இறங்கிவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், இரண்டையும் பத்திரமாகச் செருப்புக்குள் வைத்தார். நீ வாங்கி அனுப்பிய காது மெஷின்கள் மட்டும் காதிலேயே இருந்தன. ஏன் கழற்றவில்லை என்று பிறகு கேட்டால், அலைச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று, அதைக் கேட்டுக்கொண்டே முங்கிப் பார்க்க ஆசையாக இருந்ததாம். இந்த வயதில் ஆசையைப் பார்.

அப்போதாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அனுப்பியது பாழாகிவிட்டதென்று வெட்கம். யாரோ சொன்னார்களென்று இரண்டையும் கைக்குட்டையில் சுற்றி அரிசி டப்பாவில் புதைத்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் காதையே அரிசியில் மறைத்தவர். புதைத்ததையும் சும்மா விடவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் தோண்டி எடுப்பது, பேட்டரியைப் போட்டுப் பார்ப்பது, மறுபடி புதைப்பது. காது தெரியாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜலதோஷம் என்றார். உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பாய். நாற்பது வருஷமாக நான் சொல்வதைக் காதில் வாங்காத மனிதர் புதிதாக வாங்கவில்லை என்று எனக்கு எப்படியடி தெரியும்? அந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் செய்திருக்கிறாய். ஒவ்வொரு வாரமும் நீ முதலில் கேட்பது ஏதாவது வேணுமாப்பா, அனுப்பட்டுமா என்றுதானே. அதைத்தான் கேட்கிறாய் என்று நினைத்து வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நீ அழுதது அவருக்குக் கேட்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அரிசி அளக்கப் போன என் கையில் கைக்குட்டை சிக்கியது. நான் ஆடிய ஆட்டத்தை விடு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் செய்கிறவரிடம் உன் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். திறந்தால் உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கிறது. ரிப்பேர்காரர் என்னைத் திட்டுகிறார், "உப்புத் தண்ணி பட்டா உடனே பேட்டரியக் கழட்டிட்டு நல்ல தண்ணியில அலசியிருக்கணும்மா, அரிசியில போட்டா உப்பு எங்கம்மா போகும், உள்ளேயே உக்காந்து அரிக்கும்" என்று. தண்ணீரில் விழுந்ததைத் திரும்பவும் தண்ணீரிலா என்று உன் அப்பா அவருக்கே பாடம் நடத்துகிறார், அதுவும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. அந்த மனிதர் பொறுமைசாலி. டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, ஸ்பிரிட் தொட்டுச் சின்ன பிரஷால் தேய்த்து, ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்தார். வலது காதுக்கானது போய்விட்டது. பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டே உன் அப்பா அதைக் கொன்றுவிட்டார். இடது பிழைத்துக்கொண்டது.

சித்தி சொன்னதை அந்த இடது பக்கம் நின்று நேற்று அவரிடம் சொன்னேன். "அவ வீட்டுக்கு வர அவ எதுக்குக் கேக்கணும்?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நன்றாகத் திட்டவேண்டும் என்று வந்தவள் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். இன்று காலையிலிருந்து உன் அறையில் அடைத்து வைத்திருந்த ஓட்டை மின்விசிறிகளையும் பழைய பத்திரிகைகளையும் வெளியே தூக்கிப் போடுகிறார். முட்டிவலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

வேலை போனால் போகட்டும், உனக்குக் கை கால் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. அங்கே தனியாக உட்கார்ந்து அழாதே, அழுவதானால் இங்கே வந்து அழு. பட்டினி கிடக்காதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை போன் செய். அவர்தான் எடுப்பார், போனை என்னைத் தொடவே விடுவதில்லை. வீட்டுக்கு வரட்டுமாப்பா என்று மறுபடி கேள். நீ கேட்கத் தேவையே இல்லை, ஆனாலும் அவருக்காகக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா